மதுரையிலிருந்து லாரி கிளம்பும் முன்: ஏ.எஸ்.என். அனுப்ப எந்த வழி?

கப்பலூரிலும் கே.புதூரிலும் ரப்பர் பாகங்கள் செய்து ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் லாரி ஏற்றுகிற பட்டறைக்காரர்கள் இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய ஆலைகள் பலவற்றில் ஏ.எஸ்.என். என்கிற முன்கூட்டிய அனுப்பீட்டு அறிவிப்பு இல்லாத வண்டியை கேட்டுக்குள் விடுவதில்லை. என்ன பொருள், எந்த பி.ஓ.வுக்கு (கொள்முதல் ஆணைக்கு), எத்தனை பெட்டி, எந்தப் பெட்டிக்குள் எத்தனை என்று சரக்கு வந்து சேரும் முன்பே கணினி வழியாகச் சொல்லிவிடும் அறிவிப்பு அது. அனுப்புவதில் நான்கு வழிகளைப் பார்க்கிறேன்: சலானும் வாட்ஸ்அப்பும், சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் இ-வே பில்லே போதும் என்று விடுவது, வாங்குபவரின் இணையதளமான போர்ட்டலில் பதிவது, இடிஐ எனும் கணினிக்குக் கணினி கோப்புப் பரிமாற்றம். சிறு பட்டறைக்கு என் ஓட்டு மூன்றாவதற்கு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சலானைப் படம் பிடித்து அந்தப் பக்கத்து ஸ்டோர்ஸ்காரருக்கு அனுப்புகிறோம். அவர் பார்க்கிறார், சரி என்கிறார். ஆனால் அவருடைய கம்பெனியின் கணினிக்கு எதுவும் தெரியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து திரும்பத் தட்ட வேண்டும். அவர் லீவு என்றால் அதுவும் இல்லை. பக்கத்து ஊர் கடைக்குப் போகிற சரக்குக்கு இது தாராளமாகப் போதும், ஆலைக்குப் போதாது.

இ-வே பில் விஷயம் அப்படியல்ல. "அதுதான் ஏற்கெனவே போடுகிறோமே, திரும்ப எதற்கு இன்னொன்று?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இது நடைமுறையில் இருக்கிறது. இதிலும் பில் எண், மதிப்பு, பொருள் வகையைச் சொல்லும் எச்.எஸ்.என். குறியீடு, லாரி எண் எல்லாம் உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு ஏறக்குறைய 450 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் மூன்று நாள் செல்லுபடியாகும். ஆனால் இது வரித்துறைக்காகச் செய்யப்பட்டது. வாங்குபவரின் பார்ட் நம்பரும் பி.ஓ.வின் வரிசை எண்ணும் இதற்குத் தேவையில்லை. பெட்டிவாரியான விவரமும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில்லே வேண்டாம் என்பதால், சின்ன லோடுகளுக்கு அந்த அறிவிப்பும் இல்லாமல் போகும். அரசுத் தளத்தில் பதியும் பில்லான இ-இன்வாய்ஸில் பி.ஓ. எண்ணுக்கும் தொகுப்பு எண்ணுக்கும் இடம் இருக்கிறது. கட்டாயமில்லாத இடங்கள்தான், ஆனாலும் நிரப்புங்கள் என்பேன். ஏ.எஸ்.என்.னுக்கு மாற்றாக மட்டும் நினைக்க வேண்டாம்.

உண்மையான போட்டி போர்ட்டலுக்கும் இடிஐக்கும்தான்.

போர்ட்டலில் செலவு கிட்டத்தட்ட இல்லை. திறந்திருக்கும் பி.ஓ.க்கள் திரையில் வரும், அளவைப் போட்டால் ஏ.எஸ்.என். எண் கிடைக்கும், கியூஆர் கோடு அச்சாகும். கேட்டில் ஸ்கேன் செய்ததும் ஸ்டோர்ஸ் திரையில் எல்லாம் வந்துவிடும், ஜி.ஆர்.என். (சரக்குப் பெற்ற சீட்டு) போடுகிறவர் எண்ணிப் பார்த்து ஒத்துக்கொண்டால் வேலை முடிந்தது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு வாடிக்கையாளர் என்றால் நான்கு போர்ட்டல், நான்கு கடவுச்சொல். ஓ.டி.பி. முதலாளியின் போனுக்குப் போகும். மதுரை லாரி சாயங்காலத்துக்கு மேல்தான் கிளம்புகிறது, விடிந்தால் அங்கே நிற்கிறது. இரவு ஒன்பது மணிக்கு "அண்ணே, லோடு ஏத்தியாச்சு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று டிஸ்பாட்ச் தம்பி கூப்பிடும்போது முதலாளி ஒரு கல்யாண வீட்டில் இருப்பார். கணக்குப் பிள்ளை அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் அறிவிப்பைப் போடும் உரிமை டிஸ்பாட்ச் மேஜைக்கு வர வேண்டும். பயனர் பெயரையும் எண்ணையும் அந்த ஆளின் பேரில் தனியாக வாங்கிக்கொடுத்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது.

இடிஐயில் திரையே கிடையாது. நம் மென்பொருளிலிருந்து அவர்கள் மென்பொருளுக்கு நேராகக் கோப்பு போகிறது. அமெரிக்க வழக்கில் அந்தக் கோப்பின் பெயர் எக்ஸ்12 856, ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் எடிஃபேக்ட் டெசாட்வ். இதன் அழகு அடுக்கு முறையில் இருக்கிறது: மேலே மொத்த அனுப்பீடு, அதற்குள் பி.ஓ., அதற்குள் பெட்டி, அதற்குள் பொருள். ஒவ்வொரு பெட்டிக்கும் 18 இலக்க எண் கொண்ட பார்கோடு லேபிள் ஒட்டி, அதே எண்ணைக் கோப்பிலும் சொன்னால், வாங்குபவர் பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை அறிவார். தூத்துக்குடி வழியாக அமெரிக்கப் பெருங்கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இதைத் தவிர்ப்பது கடினம். அங்கே அறிவிப்பு தாமதமானாலும் தப்பானாலும் பில்லில் அபராதம் கழிப்பது வழக்கம்.

ஆனால் கோப்பு வடிவமைக்க, சோதிக்க, மாதாமாதம் வலைச் சேவைக்குக் கட்ட என்று செலவு நிற்காது. வாடிக்கையாளர் மாறினால் சோதனையும் முதலிலிருந்து. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாங்குபவரின் கணினியிலிருந்து 997 என்று ஒரு பதில் கோப்பு வரும். அதைக் கண்டதும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். கோப்பின் இலக்கணம் சரி என்பதைத்தான் அது சொல்கிறது, உள்ளே உள்ள அளவு சரியா என்பதை அல்ல. நாளுக்கு ஓரிரு லோடு அனுப்புகிற பட்டறைக்கு இடிஐ வேண்டாம். பல வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க வண்டி போகிறதென்றால், போர்ட்டல்களில் தட்டுவதற்கென்று ஆள் வைப்பதைவிட இடிஐ நல்லது.

இனி அந்த நிபந்தனை. அறிவிப்பு பெட்டி கட்டிய பிறகு, கட்டிய கணக்கிலிருந்து பிறக்க வேண்டும். அவசரத்தில் பி.ஓ.வில் உள்ள அளவை அப்படியே ஏற்றிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 500 என்று சொல்லி 480 போனால், அந்தப் பக்கம் 500 வருகிறது என்று நம்பி உற்பத்தி லைன் ஓட்டத் திட்டமிட்டிருப்பார்கள். அறிவிப்பே இல்லாமல் 480 போயிருந்தால் எண்ணிப் பார்த்திருப்பார்கள். தப்பான ஏ.எஸ்.என். இல்லாத ஏ.எஸ்.என்.னைவிட மோசம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. பில்லில் தொகை கழிக்கும் டெபிட் நோட்டும் மனஸ்தாபமும் இங்கேதான் தொடங்குகின்றன. பெட்டி கட்டும் மேஜையில் ஒரு பார்கோடு ஸ்கேனர், ஒரு லேபிள் பிரிண்டர், ஒரு எக்செல் தாள், இவ்வளவு இருந்தால் போதும். அந்தத் தாளையே போர்ட்டலில் ஏற்றலாம், நாளைக்கு இடிஐ வந்தாலும் அதே தாள்தான்.

அரசுக்கு விற்கும்போது முன்னறிவிப்பின் பயன் கொஞ்சம் இடம் மாறுகிறது. ஆலைக்கு லைன் முக்கியம், அரசுக் கொள்முதலில் நமக்குப் பணம் வரும் தேதி முக்கியம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதை வெகு காலத்துக்கு முன்பே இணைத்துவிட்டது. சரக்கு விவரத்தை ஒப்பந்ததாரர் இணையத்தில் முதலில் பதிவார். பெறுகிறவர் அந்தப் பதிவின் மேலேயே ஏற்பு கொடுப்பார். பணம் கொடுக்கும் அலுவலகமும் அதையே பார்க்கும். 2005 முதல் ஒப்பந்தங்களில் பெட்டிகளுக்கு ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டையும் கேட்கத் தொடங்கி, அந்தப் பட்டை எண்களை முன்னறிவிப்பிலேயே அனுப்பச் சொன்னார்கள்.

நம் நாட்டு அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளம் 2016 ஆகஸ்டில் வந்தது. அதில் ஏ.எஸ்.என். என்ற பெயர் இல்லாவிட்டாலும், அனுப்பும்போது பில்லையும் அனுப்பிய விவரத்தையும் பதிவது அந்த வேலையைத்தான் செய்கிறது. பொருள் கைக்கு வந்ததும் பெறுகிற அலுவலகம் பி.ஆர்.சி. எனும் தற்காலிக ரசீது தர வேண்டும், பிறகு சோதித்து 10 நாளுக்குள் சி.ஆர்.ஏ.சி. எனும் ஏற்புச் சான்று, அதிலிருந்து 10 நாளுக்குள் பணம். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி போன்ற மருத்துவச் சரக்கு என்றால் தொகுப்பு எண்ணையும் காலாவதித் தேதியையும் பெட்டிவாரியாகச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. பெறும் இடத்தில் சோதனை அங்கேதான் இழுக்கும்.

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பொருள் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளே ஏற்ற நாளாகிவிடும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணத்துக்கான கெடு அந்த நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. அந்தச் சேர்ந்த நாளைப் பிறகு நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்தான். ஆகவே அரசு ஆர்டராக இருந்தாலும் ஆலை ஆர்டராக இருந்தாலும், ஏ.எஸ்.என். அல்லது ஜெம் பதிவின் பிரதி, லாரி ரசீது, கேட் முத்திரை அல்லது பி.ஆர்.சி. மூன்றையும் ஒரே பில் எண்ணின் கீழ் கோத்து வையுங்கள்.