ஒரு இரவுக்கு ஹேங்கர் வேண்டுமா? எங்கள் செஸ்னாவின் உறையோடு பட்ட பாடு

"மட்டக்களப்புக்குப் போய் ஒரு இரவு நிக்கப்போறன். உறை காணுமா, இல்லை ஹேங்கருக்குக் காசு கட்டோணுமா மச்சான்?" என்று கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானை விமான நிலையத்தில் ஒரு நண்பன் கேட்டான். ஹேங்கர் என்றால் விமானம் நிறுத்துகிற கொட்டகை. வாயால் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. முன்கண்ணாடியைப் பொலிஷ் பண்ணிய பில் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நானும் இன்னும் இருவரும் பங்கு போட்டு வைத்திருப்பது செஸ்னா 172 என்கிற ஒரு சிறு விமானம். உறை என்பது கூரையையும் கண்ணாடிகளையும் மூடி, வயிற்றுக்குக் கீழே வாரால் இறுக்குகிற துணி. அதைப் பற்றி நல்லது சொல்லத்தான் வேண்டும். வெயிலில் வெறுமனே விட்டால் றேடியோவில் கை வைக்க முடியாது, உறை போட்டால் அந்தச் சூடு இல்லை. கிழடு தட்டிய கதவு ரப்பர் வழியாக இருக்கையில் சொட்டிய மழையும் நின்றுவிட்டது. இறக்கைக்கு மேலுள்ள எரிபொருள் மூடிகளையும் சேர்த்து மறைக்கிற நீளமான வகையைத்தான் வாங்கினோம். அதனால் கொட்டித் தீர்த்த மழைக்கு மறுநாளும், காலையில் தாங்கியின் அடியிலிருந்து வடித்துப் பார்த்தால் குவளையில் நீல எரிபொருள் மட்டும்தான் இருக்கும். அதற்கடியில் தண்ணீர்க் குமிழ் உருளுவதைக் காண்பது அபூர்வம்.

ஆனால் கண்ணாடி! செஸ்னாவின் முன்கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். இலகுவில் கீறும். கிழக்கில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் பறக்கும். வாரை எவ்வளவு இறுக்கினாலும் துணி எங்கோ ஓரிடத்தில் தளர்ந்து, இரவு முழுக்க அந்த மணலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் ரத்மலானைக்குத் திரும்பி, கடல் பக்கமிருந்து 04 ஓடுபாதைக்கு நேராக இறங்கும்போது சூரியன் எதிரே வரும், அப்போதுதான் அத்தனை கீறலும் வளையம் வளையமாகப் பற்றிக்கொள்ளும். ஓடுபாதையைத் தேடவேண்டிய நேரத்தில் ஒளிச் சிலந்திவலை ஒன்றைப் பார்த்துக்கொண்டு வரவேண்டியதுதான். உறை போடுமுன் நிறையத் தண்ணீர் ஊற்றி வெறுங்கையால் கழுவிவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பார்கள். அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் பட்டால் அக்ரிலிக் வெடிப்பு விடும். சரி, கழுவலாம். பொழுதுபடுகிற நேரத்தில் தெரியாத ஊர்த் தரிப்பிடத்தில் வாளித் தண்ணீருக்கு எங்கே போவது?

காலையில் நனைந்த உறையை எங்கே வைப்பது என்பது இன்னொரு ஆக்கினை. பொலித்தீன் பையில் சுருட்டிப் பின்னால் போட்டால் வீடு வரைக்கும் பூஞ்சண வாசம்.

இனி ஹேங்கர். உள்ளே மழை இல்லை, காற்று இல்லை, மணல் இல்லை. மனிதர்கள் இருக்கிறார்கள். இறக்கை 11 மீற்றர் அகலம். நாலு விமானம் நிற்கிற இடத்தில் ஐந்தாவதாக நம்முடையதைச் செருகும்போது யார் எதைப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று பார்க்க நாம் அங்கே நிற்பதில்லை. இழுகோல் போட்டு இழுத்தால் முன்சக்கரத்தை இரு பக்கமும் 30 பாகைக்கு மேல் திருப்பக்கூடாது என்று கைநூலில் இருக்கிறது. தள்ளுகிறவர் கைநூல் படித்தவரா? ஓரிடத்தில், பெயர் வேண்டாம், காலையில் வந்து பார்த்தால் வால் நுனியில் புதிதாக ஒரு நெளிவு. கேட்டால் யாருக்கும் தெரியாது. அதோடு எங்கள் விமானத்துக்கு முன்னால் இன்னொன்றை நிறுத்திவிட்டுச் சாவிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். ஐப்பசி இடி பிற்பகலில் வருமுன் கிளம்பவேண்டிய நாள் அது.

எங்கே நிறுத்தினாலும், வேகத்தை அளக்கக் காற்றை உள்வாங்குகிற பிற்றோ குழாய்க்கு மூடியும் எஞ்சின் காற்றுவழிகளுக்கு அடைப்பும் போடுங்கள். 1996 இல் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். மூடி போடாமல் நாட்கணக்கில் நின்ற அந்த விமானத்தின் பிற்றோ குழாயைக் குளவி அடைத்திருக்கலாம் என்பதுதான் விசாரணை கண்ட முடிவு. ஹேங்கர் கூரையிலும் குளவி இருக்கும், மைனாவும் இருக்கும்.

புயல் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைத் தாக்கியது போல ஒன்று வருமென்றால் கயிறும் சரிவராது, கூரையும் சரிவராது. முதல் நாளே கிளம்பி வந்துவிட வேண்டும்.

கணக்குப் பார்த்தால் ஒரு இரவுக்கு உறையும், நல்ல நைலோன் கயிறும், சக்கரத்துக்குக் கட்டையும் தாராளமாகக் காணும். ஆனால் நான் இப்போது கணக்குப் பார்க்கிற மனநிலையில் இல்லை. ஹேங்கர் கிடைத்தால் காசைக் கட்டு மச்சான், தள்ளும்போது மட்டும் பக்கத்திலேயே நில். எங்கள் உறை வேண்டுமென்றால் இந்தக் கிழமையே வந்து எடுத்துக்கொண்டு போ. மற்றப் பங்காளிகள் இருவரும் சம்மதிக்கமாட்டார்கள், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.