கொறங்காட்டு முள்ளுக்கும் கட்டுத்தறி சாணிக்கும் 7 வருசமா பூட்ஸ் போட்ட அனுபவம்

எங்க பண்ணையம் காங்கயத்துக்குத் தெக்கால இருக்குதுங்க. 11 ஏக்கர் கொறங்காடு, காங்கயம் மாடு 9 உருப்படி, செம்மறி ஒரு 40, அப்புறம் சாளையோரமா கட்டுத்தறியில கறவை மாடு 4. கொறங்காடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, மேய்ச்சலுக்குன்னே விட்டு வச்சிருக்கிற நெலம், சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேலா மரம். அந்த மரத்துக் காயை ஆடு மாடு தேடித்தேடி திங்கும், நெழலுக்கும் அதுதான். ஆனா மரத்தடி பூரா முள்ளு கொட்டிக் கெடக்கும், காஞ்ச முள்ளு, ஊசி கணக்கா. அதுக்குள்ள தெனம் 5, 6 கிலோமீட்டர் நடக்குற காலுக்கு என்ன போடறதுங்கிறதுதான் இந்தப் பதிவு.

எங்க அப்பாரு காலம் பூராம் லாரி டயர்ல வெட்டுன செருப்புதான். அதைக் கொறைச்சே சொல்லமாட்டேன், டயருக்குள்ள இருக்கிற நூல் அடுக்குல முள்ளு ஏறவே ஏறாது, வருசக்கணக்கா ஒழைக்கும். மேல தொறந்து கெடக்கறதுதான் பிரச்சனை. 2018 ஐப்பசியில ஒரு நாள் பொழுது எறங்குற நேரம் கன்னுக்குட்டியைத் தேடிட்டு புல்லுக்குள்ள போறேன், குக்கர் ஆவி விடற மாதிரி ஒரு சீறல், பார்த்தா ஒரு முழ தூரத்துல கண்ணாடி விரியன் சுருண்டு கெடக்குது. நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அன்னைக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், இனி மூடுன பூட்ஸ் இல்லாம காட்டுக்குள்ள கால் வைக்கறதில்லைன்னு. இந்தியாவுல 2000ல இருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில 12 லட்சம் பேர் செத்திருக்கலாம்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு, வருசத்துக்கு சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆளுங்க, பெரும்பாலும் மழைக்காலம், கடி விழுகிறது பெரும்பாலும் கால்ல. 2024ல தமிழ்நாடு அரசே பாம்புக்கடியை கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேத்திருச்சு. அதனால பூட்ஸ்ங்கிறது சொகுசு சமாச்சாரம் இல்லைங்க, மம்புட்டி அருவா மாதிரி ஒரு பண்ணைச் சாமான்.

மொதல்ல வாங்குனது திருப்பூர்ல ஒரு ஹார்டுவேர் கடையில, 850 ரூபாய், முன்னால இரும்பு டோப்பி வச்ச சேஃப்டி ஷூ. கடைக்காரர் அந்த இரும்பைத் தட்டித் தட்டிக் காட்டித்தான் வித்தார். உண்மையாவே அந்த டோப்பி நல்ல விசயந்தான், தரச் சான்று உள்ளதுல 200 ஜூல் அடி தாங்கணும், அதாவது 20 கிலோ இரும்பு சுமார் 1 மீட்டர் உயரத்துல இருந்து வெரல் மேல விழுந்தா எப்படியோ அந்த மாதிரி. ஒருக்கா கறவை மாடு ஒண்ணு மெரண்டு போய் நேரா என் காலு மேல மிதிச்சுச்சு, வெரல் அஞ்சும் அப்படியே இருந்துச்சு. ஆனா வாங்குன ரெண்டாவது வாரமே வெள்வேலா முள்ளு அடி வழியா ஏறி குதிங்காலுக்கு முன்னால குத்திருச்சு! இழுத்துப் பார்த்தா முக்கா இஞ்சு உள்ள வந்திருக்குது. கட்டுத்தறி கழுவுன ஈரத்துல வழுக்கி வேற ரெண்டு தடவை விழுந்தேன். அப்பத்தான் புரிஞ்சுது, அது கம்பெனிக்குள்ள காஞ்ச தரையில நிக்கிறவங்களுக்கு செஞ்ச ஷூ, மேல இருந்து விழுகிறதைத்தான் தாங்கும். நமக்கு ஆபத்து கீழ இருந்து வருது.

அதுக்கப்புறம் தேடித் தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன், கடைக்குப் போறவங்க இதைக் கேட்டு வாங்குங்க. ஷூவுக்குள்ள நாக்குலயோ ஓரத்துலயோ ஒரு சீட்டு தச்சிருப்பாங்க, இல்லைன்னா அச்சடிச்சிருப்பாங்க. அதுல ஐஎஸ் 15298னு இருந்தா நம்ம நாட்டுத் தரம். எஸ்1 பி, எஸ்3ன்னு எழுத்து இருக்கும் பாருங்க, எஸ்1 மட்டும்னா அடித்தகடு கெடையாது, பி சேர்ந்திருந்தாத்தான் ஆணி ஏறாத தகடு உள்ள இருக்குது, எஸ்3ன்னா தகடும் இருக்கும், மேல்தோலும் தண்ணியை சீக்கிரம் உள்ள விடாது, அடியில பல்லும் இருக்கும். எங்களுக்கு எஸ்3தான் சரிப்பட்டு வந்துச்சு. அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்குதுங்க. தகடு ரெண்டு வகை, இரும்பு ஒண்ணு, அழுத்தி நெய்த துணி ஒண்ணு. துணித்தகடு லேசா இருக்கும், நல்லா மடங்கும், பாதம் பூராம் மூடும், அதனால விக்கிறவங்க அதைத்தான் ஒசத்தியா சொல்லுவாங்க. ஆனா அதை சோதிக்கிற ஆணி 4.5 மில்லிமீட்டர் தடிமன். நம்ம முள்ளு அவ்வளவு தடியா இருக்குதுங்களா? மெல்லிசா இருக்கிறது நூலுக்கு நடுவுல வழி கண்டுபிடிச்சிருது, எனக்கே ஒருக்கா நுனி தொட்டிருக்குது. 2022ல வந்த ஐரோப்பிய தரத்துல இதுக்காகவே 3 மில்லிமீட்டர் ஆணி சோதனையைத் தனியா வச்சு பிஎஸ்னு ஒரு அடையாளம் குடுத்திருக்காங்க. பிஎஸ் கெடைச்சா வாங்குங்க, கெடைக்கலைன்னா முள்ளுக்காட்டுக்கு இரும்புத்தகடே நல்லது, என்ன கொஞ்சம் கனம், ஓரத்துல ஒரு வெரல்கடை மூடாது, மத்தியானத்துல சூடு ஏறும்.

2020ல வாங்குனது கணுக்காலுக்கு மேல வர்ற தோல் பூட்ஸ், எருமைத்தோல், இரும்புத்தகடு, ரெட்டை அடுக்கு பியூ (பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக் நுரை) சோல், 1,950 ரூபாய். நம்ம ஆம்பூர் வாணியம்பாடி ராணிப்பேட்டை பக்கம் பதனிட்ட தோல்தான்னு கடையில சொன்னாங்க. மொத 10 நாள் நரகம், குதிங்கால் பூராம் கொப்புளம். என் தப்பு என்னன்னா காலையில கால் வீங்காத நேரத்துல போய் அளவு பார்த்தது. சாயங்காலம் வேலையெல்லாம் முடிச்சு கால் உப்பியிருக்கும்போது, போடற சாக்ஸையே போட்டுட்டுப் போய் அளவு பாருங்க, முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் எடம் இருக்கோணும், சரிவுல எறங்கறாப்புல நின்னு பார்த்தா நெகம் முட்டக்கூடாது. இதை ஆரும் எனக்கு சொல்லல. பழகுனதுக்கு அப்புறம் அந்த ஜோடி 2 வருசம் 4 மாசம் ஒழைச்சுது, வேலி கட்டறது, குழி தோண்டறது, சோளத்தட்டுப் போர் போடறது எல்லாம் அதுலதான்.

தோலுக்கு எதிரி முள்ளு இல்லைங்க, மாட்டு மூத்திரமும் சாணியும்தான். காய விட்டா தோல் வெறைச்சு மடிப்புல வெடிக்குது. தெனம் சாயங்காலம் பச்சைத்தண்ணியில தேங்கா நார் போட்டு ஒரு தேய்ப்பு, சோப்பு வேண்டாம். அப்புறம் உள்ள பனியன் வேஸ்ட்டை திணிச்சு நெழல்ல வச்சிருவேன், திருப்பூர் பக்கத்துலயே இருக்கறதால எங்களுக்கு பனியன் வேஸ்ட்டுக்கு பஞ்சமில்லை, ஒரு ராத்திரியில ஈரத்தைப் பூராம் உறிஞ்சிரும். வெயில்ல மட்டும் வைக்காதீங்க, தோலும் காயும், ஒட்டுன பசையும் விட்டுரும். விளக்கெண்ணெய் மாசம் ஒருக்கா ரெண்டு சொட்டு போதும், நான் ஆரம்பத்துல செருப்புக்குப் போடற மாதிரி ஊத்தித் தேய்ச்சு தோல் தொளதொளன்னு ஆகி கணுக்கால் பிடிப்பே போயிருச்சு.

ரொம்ப வருத்தப்பட்ட விசயம் ஒண்ணு. அந்த பூட்ஸ் நல்லா இருக்குதேன்னு அதே மாதிரி இன்னொரு ஜோடி வாங்கி பெட்டியோட பரண்ல வச்சிருந்தேன். 3 வருசம் கழிச்சு எடுத்துப் போட்டுட்டு காட்டுக்குப் போனா அரை மணி நேரத்துல சோல் ரொட்டி மாதிரி பொடிப்பொடியா உதுருது, ஒரு நாள் கூட போடாத பூட்ஸ்! பியூங்கிற சாமானோட குணமே அதுதானாம், காத்துல இருக்கிற ஈரம் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளயே இத்துப் போகும், சும்மா வச்சிருந்தாலும் வயசாகும். அதனால பியூ சோலை இருப்பு வைக்காதீங்க, தள்ளுபடியில பழைய சரக்கா குடுத்தாலும் அந்த சீட்டுல செஞ்ச மாசம் வருசம் போட்டிருக்கும், பார்த்துட்டு வாங்குங்க.

இப்ப 2023ல இருந்து போடறது நைட்ரைல் ரப்பர் சோல், சுத்தியும் தையல் போட்டது, 3,400 ரூபாய். கனம் அதிகம், சொல்லிடறேன், மொத மாசம் சாயங்காலம் தொடை வலிச்சுது. ஆனா ஈரக் கட்டுத்தறியில வழுக்கறதே இல்லை, சாணியும் மூத்திரமும் ரப்பரை ஒண்ணும் பண்ணல. போன தை மாசம் குதிங்கால் ஒரு பக்கமா தேஞ்சப்ப எங்க ஊர் சந்தையில செருப்பு தைக்கிற அண்ணன் 350 ரூபாய்க்கு புது ரப்பர் வச்சுத் தச்சுக் குடுத்துட்டார். பியூவை அப்படிப் பண்ண முடியாது, போனா போனதுதான்.

தோல் பூட்ஸோட கம்பூட்டும், அதாவது தண்ணி புகாத ரப்பர் பூட்ஸும் வேணும். மழைக்காலத்துல, கட்டுத்தறி கழுவறப்ப, பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் புல்லுக்குள்ள போறப்ப நான் முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வர்ற கம்பூட்தான், அதுலயும் அடித்தகடு வச்சதே கெடைக்குது. பாம்பு கடிக்கவே கடிக்காதுன்னு எல்லாம் இல்லைங்க, ஆனா பாதமும் கணுக்காலும் கெண்டைக்காலும் மூடியிருந்தா பெரிய தைரியம். தப்பித்தவறி கடிச்சிட்டா கயிறு கட்டறது கீறி விடறது எதுவும் வேண்டாம், காலை அசைக்காம நேரா பெரியாஸ்பத்திரி. கம்பூட்டுல இருக்கிற கஷ்டம் வேர்வை. சித்திரையில அரை நாள் போட்டிருந்தா உள்ள தண்ணி நிக்கும், எனக்கு வெரலிடுக்குல சேத்துப்புண் வந்து ஒரு மாசம் அவதிப்பட்டேன். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கும், கம்பளி கலந்த மெல்லிசு சாக்ஸ் கேட்க ஆச்சரியமா இருந்தாலும் நம்ம வெயிலுக்கே நல்லா இருக்குது, மத்தியானம் சோத்துக்கு வரும்போது ஜோடி மாத்திருவேன். காலையில காலை உடறதுக்கு முன்னால ரெண்டையும் கவுத்துத் தட்டிருங்க. எனக்கு ரெண்டு தடவை தேள் விழுந்திருக்குது.

இதுல எனக்கு உண்மையாவே கோவம் வர்ற எடம் ஒண்ணு இருக்குது. எங்ககிட்ட பால் கறக்க வர்ற அக்கா 12 வருசமா வெறுங்கால்லயும் அறுந்த ரப்பர் செருப்புலயும்தான் கட்டுத்தறியில நின்னாங்க, குதிங்கால் பூராம் வெடிப்பு. நான் பூட்ஸ் போட்டு ரெண்டு வருசம் ஆனதுக்கு அப்புறந்தான் அவங்க கால் என் கண்ணுல பட்டுச்சு, மொதல்லயே பட்டிருக்கோணும். வாங்கலாம்னு போனா கடை கடையா ஏறி எறங்குனாலும் 6க்கு கீழ சைஸே இல்லை. அவங்களுக்கு 4. பொம்பளைங்க காட்டு வேலை பாக்கறதே இல்லைங்கற மாதிரி செய்யறாங்க, நம்ம பக்கம் களை எடுக்கறது, பால் கறக்கறது, சாணி அள்றது பாதிக்கு மேல அவங்கதான். கடைசியா ஒரு எடத்துல சொல்லி வச்சு 3 வாரம் கழிச்சு 4ஆம் நம்பர் கம்பூட் வந்துச்சு, வாய் அகலமா இருந்ததால மேல ஒரு பட்டி வச்சுத் தச்சுக் குடுத்தோம். மொத ஒரு வாரம் "எதுக்குங் தம்பி இதெல்லாம், நடக்கவே வரமாட்டேங்குது"ன்னுட்டு கழட்டிக் கழட்டி வச்சாங்க. இப்ப வெடிப்பு நல்லா ஆறிருச்சு, பாலூத்த சொசைட்டிக்குப் போறப்பக் கூட அதைப் போட்டுட்டுத்தான் போறாங்க. ஐப்பசி மழைக்கு முன்னால அவங்களுக்கு தோல்லயும் ஒரு ஜோடி வாங்கோணும், 4ஆம் நம்பர்ல அடித்தகடு வச்சது எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.