14 கிலோமீட்டர், ஐந்து வழிகள்: அலுவலகப் பயணம் குறித்து ஒரு மதிப்பீடு

என் வீட்டு வாசலுக்கும் அலுவலக இருக்கைக்கும் இடையே உள்ள தொலைவு 14 கிலோமீட்டர். பேருந்து, ரயில், இருசக்கர வண்டி, மிதிவண்டி, கார் ஆகிய ஐந்தில் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று வாரங்கள் காலையும் மாலையும் இந்தத் தொலைவைக் கடந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வீட்டைப் பூட்டிய நேரத்தையும் இருக்கையில் அமர்ந்த நேரத்தையும் நாள் தவறாமல் ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதி வந்தேன். நடந்த நேரம், காத்திருந்த நேரம், வண்டியில் இருந்த நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் போட்டிருந்தேன். வேலைக்குப் போகிறவரிடம் "எவ்வளவு தூரம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம், அடுத்தபடியாக "எவ்வளவு நேரம் ஆகும்?" என்கிறோம். இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பயணத்தை எடைபோட முடியாது என்பது அந்தக் கட்டங்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்க வேண்டியது, மோசமான நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான்.

முதலில் பேருந்து. நல்ல நாளில் 50 நிமிடம், வழக்கமாக 65 நிமிடம், மிக மோசமான நாளில் 100 நிமிடம் ஆயிற்று. இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சாலை நெரிசல் ஒரு காரணம்தான். நிறுத்தத்தில் காத்திருந்த நேரம் அதைவிடப் பெரிய காரணம். என் தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று அட்டவணை சொல்கிறது. அது அப்படியே நடந்தால், எப்போது போய் நின்றாலும் சராசரியாக 5 நிமிடம் காத்திருந்தால் போதும். ஆனால் முன்னால் போகும் பேருந்து சற்றுத் தாமதமானால் அடுத்தடுத்த நிறுத்தங்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் ஏறி முடிப்பதற்குள் அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற்றிக்கொள்ள ஆள் இல்லாததால் அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. இப்படி இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினால், பேருந்துகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாமலே சராசரிக் காத்திருப்பு 10 நிமிடமாக இரட்டித்துவிடும். படிக்கட்டில் ஆள் தொங்க ஒரு பேருந்து கடந்து போக, அதன் நிழலிலேயே பாதி இருக்கைகள் காலியாக இன்னொன்று வந்து நின்ற காட்சியை மூன்று வாரத்தில் எத்தனையோ முறை பார்த்தேன். இதற்கு ஓட்டுநரைக் குறைசொல்லிப் பயனில்லை. பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்குவதும், ஏறுவதற்கு முன்பே பயணச்சீட்டு வாங்கும் வசதி செய்வதும், ஒட்டிக்கொண்ட வண்டியைச் சற்று நிறுத்தி இடைவெளி விட்டு அனுப்புவதும் இதைக் குறைக்கும் வழிகள்.

பேருந்தின் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. 9 மணிக்கு இருக்கையில் இருந்தாக வேண்டும் என்றால், 65 நிமிடத்தை நம்பி 7.55-க்குக் கிளம்ப யாருக்குத் துணிவு வரும்? 7.20-க்கே கிளம்பினேன். பெரும்பாலான நாட்களில் 8.25-க்கெல்லாம் போய்ச் சேர்ந்து, விளக்குக்கூடப் போடாத அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த 35 நிமிடம் எந்தக் கணக்கிலும் பயண நேரமாக வராது. ஆனாலும் அது என் காலை உறக்கத்திலிருந்து பயணம் எடுத்துக்கொண்ட நேரம்தான்.

இந்த அளவுகோலில் ரயிலின் மதிப்பு பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு 12 நிமிட நடை, நடைமேடையில் சில நிமிடக் காத்திருப்பு, 22 நிமிடப் பயணம், இறங்கியபின் மறுபடியும் 10 நிமிட நடை. மொத்தத்தில் மிகக் குறைந்தது 47, மிக அதிகம் 58. மழை, நெரிசல், சாலையில் தோண்டிய பள்ளம் எதுவும் இதை அசைக்கவில்லை. 8 மணிக்குக் கிளம்பினால் போதும் என்ற உறுதியே காலைப்பொழுதின் நிறத்தை மாற்றிவிடுகிறது. குறையும் உண்டு. என் குறிப்பேட்டின்படி பாதி நாட்களுக்கு மேல் நின்றுகொண்டேதான் போனேன். கையை உயர்த்தி வளையத்தைப் பிடித்தபடி, முன்னால் நிற்பவரின் பை மார்பில் அழுந்த நிற்கும்போது புத்தகத்தைப் பிரிக்க முடியாது. மாலையில் கூட்டம் தணிந்து உட்கார இடம் கிடைத்த நாட்களில் மட்டும் ஒரு நாவலை ஒன்பது நாளில் படித்து முடித்தேன். வண்டியை நாம் ஓட்டும் வேறு எந்தப் பயணமும் இதைத் தராது.

இருசக்கர வண்டிதான் வேகத்தில் முதலிடம் பெறும் என்று எதிர்பார்த்தேன், பெற்றது. வழக்கமாக 38 நிமிடம், சிறந்த நாளில் 32. ஆனால் ஒரு லாரி சாலையின் குறுக்கே பழுதாகி நின்ற நாளில் 61 நிமிடம் ஆனது. மோசமான நாளுக்கும் சேர்த்துத் திட்டமிடுகிறவர் இருசக்கர வண்டியிலும் 8 மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். அதாவது ஏறத்தாழ ரயிலுக்குப் புறப்படும் அதே நேரத்தில். சராசரியில் ரயிலைவிடக் கிடைத்த 14 நிமிட மிச்சம் அங்கேயே கரைந்துவிடுகிறது. கார் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை: வழக்கமாக 45 நிமிடம், அதன்மேல் நிறுத்த இடம் தேடி 8 நிமிடம். மழை நாளிலும், வயதான ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் நாளிலும் அதற்கு மாற்றில்லை. தனியாளாகத் தினமும் போக அது எனக்கு ஏற்றதாக இல்லை.

வேகத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 14 கிலோமீட்டரை மணிக்கு 20 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் கடக்க 42 நிமிடம் ஆகும். சராசரி 30 ஆனால் 28 நிமிடம். 14 நிமிடம் மிச்சம். அதே 10 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தை 40-லிருந்து 50-க்கு உயர்த்தினால் மிச்சமாவது சுமார் 4 நிமிடம்தான். ஆகவே காலியான சாலையில் முறுக்கிக்கொண்டு பறப்பதால் கிடைப்பது மிகச் சொற்பம். அதற்காக ஏற்கும் ஆபத்தோ மிகப் பெரிது. நேரத்தைத் தின்பவை சிக்னலில் நிற்பதும், ஊர்ந்து செல்வதும், இடம் தேடுவதும்தான்.

மிதிவண்டி எனக்கு எதிர்பாராத வியப்பைத் தந்தது. ஓட்டும் நேரம் 50 நிமிடம். முகம் கழுவி, ஈரத் துண்டால் துடைத்து, பையில் சுருட்டி வைத்திருந்த சட்டையை மாற்ற 10 நிமிடம். மிக மோசமான நாளிலும் 66-ஐத் தாண்டவில்லை, ஏனெனில் நெரிசலில் கார்கள் நிற்கும்போதும் மிதிவண்டிக்கு ஓர் ஓரம் கிடைத்துவிடுகிறது. இறங்கும்போது தொடைகள் வலித்தன, மனம் தெளிவாக இருந்தது. உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆலன் குரூகரும் மற்ற ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சாஸைச் சேர்ந்த 909 வேலைபார்க்கும் பெண்கள் தங்கள் முந்தைய நாளை நினைவுகூர்ந்து மதிப்பிட்டபோது, காலைநேர வேலைப் பயணமே மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்தவற்றுள் இருந்தது. மிதிவண்டி வாரங்களில் மட்டும் என் குறிப்பேடு அதற்கு மாறாகப் பேசுகிறது. ஆனால் தனிப்பாதையோ அகலமான ஓரமோ இல்லாத சாலையில், முதுகுக்குப் பின்னால் கனரக வண்டியின் ஒலிப்பான் அலறும் இடத்தில், இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குளிக்கவோ உடைமாற்றவோ இடம் தராத அலுவலகத்துக்கும் இது பொருந்தாது.

எந்த வழியை எடுத்தாலும், எவ்வளவு நேரம் வரை தாங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருப்பதாகத் தோன்றுகிறது. போக்குவரத்துப் பொறியாளர் யாகோவ் ஸஹாவியின் பணியைத் தொடர்ந்து, இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-இல், மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று வாதிட்டார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் அரை மணியில் இரண்டரைக் கிலோமீட்டர் போவார். ஊர்தி வேகம் கூடக்கூட மிச்சமான நேரம் வீட்டில் தங்காமல், ஊர் விரிந்து தொலைவாக மாறிவிடுகிறது. வீடு மாற்ற எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. ஒருவழிக்கு 10 நிமிடம் கூடினால் நாளுக்கு 20 நிமிடம். 240 வேலைநாளில் 80 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் முழுதாகப் பத்து நாட்கள்.

வரைபடச் செயலி காட்டும் நேரத்தையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். நகரும் நேரத்தை அது பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. வண்டியைப் பூட்டுவது, மின்தூக்கிக்குக் காத்திருப்பது, நிலையப் படிகளில் கூட்டத்தோடு இறங்குவது போன்றவற்றைச் சேர்ப்பதில்லை. என் வழியில் இந்த விடுபாடு ஒவ்வொரு முறையும் 7 முதல் 12 நிமிடம் வரை இருந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவர் செயலியைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, இரண்டு வேலைநாட்களில், அவற்றில் ஒன்று திங்கட்கிழமையாக இருக்கும்படி, உண்மையான நேரத்தில் போய்ப் பார்த்துவிடுவது மேல்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ரயிலிலும் இரண்டு நாள் மிதிவண்டியிலும் போகிறேன். மழை பெய்யும் நாட்களில் மிதிவண்டிக்குப் பதிலாகவும் ரயில்தான். இருசக்கர வண்டியை மாலையில் கடைத்தெருவுக்குப் போக மட்டும் எடுக்கிறேன். பேருந்துத் தடத்துக்குத் தனிப்பாதை போடும் வேலை நடக்கிறது; அது முடிந்ததும் மறுபடியும் மூன்று வாரம் அதில் போய்க் குறிப்பெடுப்பேன், ஏனெனில் என் வாசலுக்கு மிக அருகில் நிற்பது இன்னும் அந்தப் பேருந்துதான்.