சேலத்தில் உட்கார்ந்து ஆன்லைனில் கோயில் கலை வரலாறு: நான்கு பருவ அனுபவம்

தென்னிந்தியக் கோயில் கலை பற்றிய 12 வார ஆன்லைன் பாடங்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. நான்கு பருவம் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு சொல்வது இது: வீடியோவை மட்டும் பார்த்தால் மதிப்பெண் வரும், கண் வராது. சேலத்துக்காரர்களுக்கு அந்தக் கண்ணைச் சம்பாதித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் பாடத்திட்டம் அதைக் காட்டித் தராது.

முதலில் நேரக் கணக்கு. வாரத்துக்கு இரண்டரை மணி நேர வீடியோ என்றால் ஆறு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நிறுத்தி நிறுத்திப் படம் வரையாமல் இந்தப் பாடம் ஏறாது. தெளிவை 720-க்குக் கீழே இறக்கக் கூடாது. 360-இல் எண்பட்டைத் தூணும் உருளைத் தூணும் ஒன்றுபோலத் தெரியும். ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலம் இறங்கும்போதே அந்த வார வீடியோவைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

வீடியோவின் அடியில் ஓடும் தானியங்கி வசனத்தை நம்பவே வேண்டாம். கோஷ்டம் (சுவரில் சிலை வைக்கும் மாடம்) ‘கோஸ்ட்’ ஆகிவிடும், போதிகை (தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் கை) என்னென்னவோ ஆகும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்தியாகச் சொல்லகராதி போட்டுக்கொள்ளுங்கள்: பேராசிரியர் சொல்லும் சமஸ்கிருதச் சொல், தேர்வில் வரும் ஆங்கிலச் சொல், நம் ஸ்தபதிகள் சொல்லும் தமிழ்ச் சொல். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்துக்குக் கீழிருந்து உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. தூணின் தலைப்பகுதிக்குக் கலசம், தாடி, குடம், இதழ், பலகை, வீரகண்டம், அதன் மேல் போதிகை. இந்தப் பன்னிரண்டு சொல்லும் வாயில் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

போதிகைக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கலாம். காலம் சொல்ல அதைப்போல வசதியான உறுப்பு வேறில்லை. பல்லவர் போதிகையில் அலை அலையாகத் தரங்கமும் நடுவே ஒரு பட்டையும் இருக்கும். சோழர் போதிகை சரிவாக வெட்டப்பட்டு, நடுவில் ஆப்புப் போலத் துருத்தி நிற்கும். விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்தால் வாழைப்பூ மாதிரி முனை தொங்கும். தூணில் சதுரம் பட்டையாக மாறும் மூலையில் படமெடுத்த பாம்புத் தலை வடிவில் நாகபந்தம் இருந்தால் அது பிற்காலம் என்று துணிந்து எழுதலாம். ஒரே கோயிலில் மூன்று வகைப் போதிகையும் இருந்தால் குழம்ப வேண்டாம். கருவறை ஒரு காலம், மண்டபம் இன்னொரு காலம் என்பதுதான் நம்மூர் வழக்கம்.

இனி பெரிய குறை. எந்தப் பாடத்தை எடுத்தாலும் மாமல்லபுரம், காஞ்சி, தஞ்சை, மதுரை என்று பேருந்து வழித்தடம் மாதிரி ஓடிவிடுகிறார்கள். நம் பக்கத்தை ஆண்ட அதியர், நுளம்பர், கெட்டி முதலிகள் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. பிறகு நாமக்கல் குடைவரையைப் பார்க்கும் மாணவர் ‘பல்லவர்’ என்று எழுதிவிடுகிறார். அது 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபைச் சேர்ந்த குணசீலன் குடைவித்தது.

அந்த நாமக்கல்லையே பயிற்சிக்கூடமாக வைத்துக்கொள்ளலாம். மாமல்லபுரம் வராக மண்டபப் பாடம் வரும் வாரம் போய்வாருங்கள். மலைக்கு மேற்கே நரசிம்மர் குடைவரை, கிழக்கே அரங்கநாதர் குடைவரை. வராகரும் திரிவிக்கிரமரும் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். திரிவிக்கிரமர் தூக்கிய கால் எந்தக் கோணத்தில் போகிறது, சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் பென்சிலால் வரைந்து ஒப்பிட்டால் போதும். ‘நடை’ என்று ஆசிரியர் சொல்வது என்னவென்று அங்கேதான் பிடிபடும்.

நாயக்கர் கால வாரத்துக்குத் தாரமங்கலம். கைலாசநாதர் கோயில் கெட்டி முதலிகள் எடுத்தது. சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை எல்லாரும் காட்டுவார்கள், பார்த்துவிட்டு நகருங்கள். கவனிக்க வேண்டியது வாலி தூண். வாலியும் சுக்ரீவனும் சண்டையிடுவது ஒரு தூணில், அம்பு தொடுக்கும் இராமன் இன்னொரு தூணில். இராமனருகே நின்றால் சண்டை தெரிகிறது. வாலியருகே நின்றால் இராமன் தெரிவதில்லை. தூணைத் தனித்தனியாகப் படமெடுத்துக் காட்டும் எந்த வீடியோவிலும் இது வராது. நடந்து பார்த்தால்தான் சிற்பி போட்ட திட்டம் புரியும்.

மேற்குப் பார்த்த கோயில் என்பதால் முகப்பில் வெயில் விழுவது மாலையில்தான். மதியம் நடை சாத்தியிருக்கும். உள்ளே படமெடுக்க அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பென்சில் இருக்கிறது. தேய்ந்த புடைப்புச் சிற்பத்துக்கு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போலப் பிடிக்க வேண்டும். நிழல் விழுந்ததும் கோடு எழும்பி வரும். கல்வெட்டு எழுத்தில் சுண்ணாம்போ மாவோ தடவக் கூடாது, கல்லுக்குக் கேடு.

இறந்த வீரருக்கு நட்ட நடுகல் பாடத்தில் ஒரே விரிவுரையில் முடிந்துவிடும். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பக்கம்தான் அவை நிறைய. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை, ‘பட்டான்’ என்றால் இறந்தான் என்று தெரிந்தாலே பாதிக் கல்வெட்டு விளங்கும். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதல் வரிகளில் இருக்கும், காலம் அங்கிருந்துதான் கிடைக்கிறது.

மதிப்பெண் முறை பல 12 வாரப் பாடங்களில் ஒன்றேதான்: 12 ஒப்படைப்பில் சிறந்த 8-இன் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு ஒப்படைப்பில் 10-உம் தேர்வில் 30-உம் வேண்டும். ஆகவே நான்கு வாரம் தவறலாம். ஆனால் முதல் நான்கை விட்டுவிடாதீர்கள், சொற்கள் எல்லாம் அங்கேதான். தேர்வில் வழுக்குவது பெரும்பாலும் எடுப்பித்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் மாறிப்போவதில்தான். ஊருக்கு ஓர் அட்டை எழுதி, பின்புறம் எடுப்பித்தவர், நூற்றாண்டு, போதிகை வகை என்று மூன்று வரி மட்டும் வையுங்கள். நாலாவது வரி எழுத ஆரம்பித்தால் அட்டையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.