கனெக்டர் பின்னுக்கு எது நல்லது: அழிப்பானா, ஆல்கஹாலா, கிரீஸா?

மின்னணு சாதனத்தின் சர்க்யூட் போர்டு முரண்டு பிடித்தால், அதில் வயரையோ இன்னொரு போர்டையோ இணைக்கும் கனெக்டரைக் கழற்றி மறுபடி மாட்டுவோம். உடனே ஓடும், சில வாரத்தில் அதே கோளாறு திரும்பி வரும். மாட்டும்போது பின்கள் உரசி மேலே இருந்த படலம் விலகியது, அவ்வளவுதான். அது மறுபடி வளரும்.

சுத்தம் செய்யும் முன் பின்னின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தங்க முலாம். வெள்ளை என்றால் பெரும்பாலும் வெள்ளீயம். எது சரியான மருந்து என்பது இதைப் பொறுத்ததுதான்.

பலர் முதலில் எடுப்பது பென்சில் அழிப்பான். பளபளப்பு வந்துவிடும், உண்மைதான். ஆனால் தங்கம் துருப்பிடிக்காது. அதன் மேல் இருப்பது விரல் எண்ணெயும் தூசியும். அதற்காக முலாமையே தேய்க்க வேண்டுமா? நல்ல எட்ஜ் கனெக்டரில்கூட (போர்டின் விளிம்பையே நேராகச் செருகும் வகை) தங்கம் ஏறத்தாழ 0.75 மைக்ரான்தான். போர்டில் சாதாரணமாகப் பூசும் மெல்லிய தங்கம் 0.05 முதல் 0.1 மைக்ரான். அது தேய்ந்தால் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளியே வரும், பிறகு அரிப்பு நிற்காது. போதாததற்குத் தேய்ப்பதில் நிலைமின்சாரமும் உண்டாகும். நான் அழிப்பானைத் தொடுவதில்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எண்ணெயையும், சால்டர் செய்யும்போது படியும் ஃப்ளக்ஸ் மிச்சத்தையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், 99 சதவீதமே வாங்குங்கள். தீப்பற்றும் என்பதால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பஞ்சு உதிராத துணியால் துடைக்க வேண்டும். தங்கத்துக்கு இதுவே போதும்.

வெள்ளீயத்துக்குப் போதாது. ஆக்சைடை ஆல்கஹால் கரைக்காது. அதோடு, அதிர்விலும் சூடு ஏறி இறங்கும்போதும் பின்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்கின்றன. ஒவ்வொரு நகர்விலும் புது உலோகம் வெளிப்பட்டு ஆக்சைடாகிறது. அந்தத் துகள்கள் சேர்ந்து மின்தடை ஏறுகிறது. இங்கேதான் மசகுப் படலம் விட்டுச்செல்லும் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் திரவம்) ஜெயிக்கிறது. முழுதாக உலர்ந்துவிடும் வகையும் உண்டு, டப்பாவைப் படித்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கைப் பாதிக்குமா என்றும் பாருங்கள்.

சிலிக்கோன் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் வேலை செய்கிறது. பின்கள் அழுந்தும் இடத்தில் கிரீஸ் பிதுங்கி விலகிவிடும், சுற்றியிருப்பது ஈரத்தைத் தடுக்கும். ஈரம் படும் பெரிய கனெக்டர்களுக்கு அருமை. அழுத்தம் குறைந்த நுண்ணிய கனெக்டர்களில் விலகாமலே இருந்துவிடலாம். ரிலே, சுவிட்ச் பக்கம் கொண்டுபோகவே கூடாது: சிலிக்கோன் ஆவி தீப்பொறியில் சிலிக்காவாகிக் கான்டாக்ட்டை மூடும்.

கான்ஃபார்மல் கோட்டிங் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு போர்டுக்கானது, பின்னுக்கானதல்ல. அடிக்கும் முன் கனெக்டரை மறைத்துவிடுங்கள்.

அப்புறம், எந்தத் திரவமும் தீர்க்காத தப்பு ஒன்று உண்டு: தங்கப் பின்னை வெள்ளீய சாக்கெட்டில் மாட்டுவது. வெள்ளீயம் தங்கத்தின் மேல் ஒட்டி அங்கேயே ஆக்சைடாகும். இரண்டும் ஒரே உலோகமாகும்படி ஏதாவது ஒரு பக்கத்தை மாற்றினால்தான் அது சரியாகும்.