திருவண்ணாமலையைத் தேடி வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள்: எதை முதலில் படிக்கலாம்?

பௌர்ணமி கிரிவலத்துக்கு பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிற ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆட்களுக்கு இந்த இரண்டு புத்தகமும் அந்நியமாகப் படாது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938-ல் திருவண்ணாமலை ஆசிரமத்தில் ரமண மகரிஷியைப் பார்த்துவிட்டுப் போய், 1944-ல் 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலை வெளியிட்டார். பால் பிரன்டன் 1934-லேயே 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' என்று பயண நூலாகவே எழுதிவிட்டார்.

நாவலில் லாரி என்ற அமெரிக்க இளைஞன் முதல் உலகப் போரில் விமானி. தன்னைக் காப்பாற்றிய நண்பன் கண்முன்னே செத்ததிலிருந்து வேலை, கல்யாணம் எதிலும் மனம் ஒட்டாமல் பாரிஸ், நிலக்கரிச் சுரங்கம் என்று சுற்றி, கடைசியில் இந்தியா வருகிறான். ஆனால் மாம் ரமணரை ஸ்ரீ கணேசா ஆக்கி, ஆசிரமத்தைத் திருவிதாங்கூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார், நமக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். லாரி இந்தியாவைப் பற்றிப் பேசும் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டாலும் கதை விட்டுப்போகாது என்று அவரே எழுதுகிறார். தாண்டாதீர்கள், நாவலே அதற்காகத்தான்.

பிரன்டன் வேறு ரகம். பத்திரிகைக்காரர், எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். மெஹர் பாபா என்ற ஆன்மிக குருவிடம் ஏமாற்றம், அடையாற்றங்கரையில் ஒரு யோகி, செங்கல்பட்டில் காஞ்சி சங்கராச்சாரியார், அவர் சொல்லித்தான் திருவண்ணாமலை. இடமெல்லாம் தெரிந்த இடம் என்பதால் வேகமாக ஓடும், நடுநடுவே வெள்ளைக்காரத் தோரணை எரிச்சலூட்டும்.

நான் பிரன்டனைத்தான் முதலில் கொடுப்பேன். மனிதர்களுக்காகப் படிக்கிறவர் என்றால், சரி, நேராக மாம்.