உப்பெலோடேயா, ஃபோகெலரா?

ஜெர்மானிய ஓவியத்தில் மண்வாசனை தேடுபவர்கள் முதலில் யாரைப் பார்க்கலாம்? ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஓட்டோ உப்பெலோடேயையா (1867–1922), ஓவியர்கள் கூடி வாழ்ந்த வோர்ப்ஸ்வேட கிராமத்தின் ஹைன்ரிஷ் ஃபோகெலரையா (1872–1942)?

என் ஓட்டு உப்பெலோடேவுக்கு. மார்புர்கில் பிறந்து, மியூனிக்கில் படித்து, பக்கத்துக் கோஸ்ஃபெல்டனில் வீடு கட்டிக் குடியேறியவர். 1907 முதல் 1909 வரை கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளுக்கு நானூற்றுக்கும் மேற்பட்ட பேனாச் சித்திரங்கள் வரைந்தார். கற்பனை ராஜ்ஜியம் தேடி எங்கும் போகவில்லை. அந்தக் கதைகளில் வரும் ராபுன்செல் என்ற பெண் கூந்தலைத் தொங்கவிடும் கோபுரம் பக்கத்து அமோனாவ் ஊரில் இன்றும் நிற்கிறது. வெறும் கறுப்புக் கோடுதான். அதிலேயே மரச்சட்டம், ஓடு, காற்று எல்லாம் தெரியும்.

ஃபோகெலரின் கோடு வேறு: கொடிபோல் வளைந்து பக்கத்தின் ஓரமெல்லாம் படரும். அழகுதான், ஆனால் ஊர் அதில் அலங்காரமாகிவிடுகிறது. வாழ்க்கையைப் பார்த்தால் அவர்தான் நம்மை உலுக்குகிறார். முதல் உலகப்போருக்குத் தாமாகவே போனவர், 1918இல் சமாதானம் கேட்டுப் பேரரசருக்கே கடிதம் எழுதினார்; மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். 1931இல் சோவியத் நாட்டில் குடியேறி, கஜகஸ்தானில் வறுமையில் இறந்தார்.

உப்பெலோடேயும் சில காலம் வோர்ப்ஸ்வேடவில் இருந்தவர்தான். ஆனால் சொந்த ஊர்ப்பக்கமான லான் ஆற்றங்கரைக்கே திரும்பிவிட்டார்.